இரு நாட்டு உறவில் ஒரு சாண்

1996 மார்ச் 4, திங்கள்

எதிர்கால வரலாற்றாசிரியர்களின் வசதிக்காகக் குறித்து வைக்கிறேன்: நான் காரைக்கால் தைரியநாதன். லாவோஸ் நாட்டில், மேகாங் ஆற்றங்கரையில், தாக்கேக் ஊரின் பழைய சந்தையில், ஆசியாவிலேயே மிகப் பெரிய துணிக்கடையின் அதிபர். கடைக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் நான் வெளியே போய்விடுவேன்.

இன்று காலை லாவோஸ் குடியரசு நேரில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து தேநீர் கேட்டது. குடியரசின் பெயர் சோம்போன். மாகாண அலுவலகத்தில் விழா ஏற்பாடுகளைக் கவனிக்கிறான். பெயரில்தான் சோம்பல், ஆள் எறும்பு. என்னை எல்லோரையும் போல 'லுங்' என்பான். பெரியப்பா என்று பொருள். இங்கே எல்லோரும் லாவோ மொழிதான் பேசுகிறார்கள், ஆனால் என் நாட்குறிப்பில் காரைக்கால் தமிழ்தான் பேசியாக வேண்டும். இது என் அரசாங்கம்.

"லுங், நம்ம மாகாணத்துக்கும் மலைக்கு அந்தப் பக்கம் வியட்நாம் மாகாணத்துக்கும் ஒப்பந்தம். கையெழுத்து மேடைக்குப் பின்னாடி ரெண்டு கொடியும் மேலேருந்து கீழே தொங்கணும். எங்க கொடிக்குச் சிவப்பு மூணு மீட்டர் வேணும்."

"என்ன ஒப்பந்தம்?"

"ரோடு, எருமை ஏற்றுமதி, மாணவர் உதவி." தேநீரை ஊதினான். "அப்புறம் மூணாவது பிரிவு. இந்தச் சந்தையை இடிச்சுட்டு அவங்க வணிக வளாகம் கட்டித் தர்றாங்க. நட்புப் பரிசு."

"எந்தச் சந்தையை?"

"நீங்க உக்காந்திருக்கிற சந்தையை."

புது வளாகத்தில் எனக்கும் ஒரு கடை வேண்டும் என்று அவனே பேசிப் பார்ப்பானாம். ஆனால் நான் வருடா வருடம் புதுப்பிக்கும் வெளிநாட்டவர் அட்டையில் இருக்கிறேன். அதுதான் கொஞ்சம் இடிக்கிறது என்றான். இடிக்கட்டும். அலெக்சாண்டர் கூடத்தான் சாம்ராஜ்யத்தை விட்டுவிட்டுப் போனான். எனக்கு இதில் கவலை எதுவும் இல்லை.

மூன்று மீட்டர் அளந்து டர்ரென்று கிழித்துக் கொடுத்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

இன்று வியட்நாம் வந்தது. தோழர் காய், ஐம்பது வயது, வியட்நாம் தரப்பின் பிரதிநிதி. பெயரைக் கேட்டால் இன்னும் பழுக்கவில்லை என்று தோன்றும். ஆள் நன்றாகக் கனிந்தவர். அவருக்கும் மூன்று மீட்டர் சிவப்பு வேண்டும். அதே உருளையிலிருந்து வேண்டும். இரண்டு கொடியிலும் சிவப்பு ஒரே சிவப்பாக இருந்தால்தான் நட்புக்கு அழகாம்.

அந்த உருளை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தாய்லாந்திலிருந்து படகில் வந்தது. இரண்டு பொதுவுடைமை நாடுகளின் சிவப்பும் ஒரு ராஜாவின் நாட்டு ஆலையில் சாயம் போட்டது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. ராஜதந்திரம்.

அவர் என் மனைவி லியேனைப் பார்த்ததும் வியட்நாமிய மொழியில் ஊர் எது என்று கேட்டார். அவள் தகப்பனார் ஊரும் இவர் ஊரும் ஒரே ஆற்றின் இரு கரைகள் என்று தெரிந்தது. அப்படியென்றால் எனக்கு மச்சான் முறை. மச்சானுக்கு அளந்த துணியை அளந்தபடியே கொடுத்தால் காரைக்காலில் தலை காட்ட முடியுமா? மூன்று மீட்டர் அளந்தேன், அப்புறம் கோலை விட்டுக் கையை விரித்து ஒரு சாண் கொசுறு விட்டுக் கிழித்தேன்.

அவர் போன பிறகு லியேன் சொன்னாள்: "கொடிக்குக்கூடவா கொசுறு?"

இருபத்தெட்டு வருடமாக அவளுக்கும் கொசுறுக்கும் ஆகாது. அளவு என்றால் அளவு என்பது அவள் கட்சி. வியாபாரம் என்றால் மனசு என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் பல கட்சி முறை.

மார்ச் 8, வெள்ளி

மகளிர் தினம். லியேன் கடையில் இருந்தாள். நான் சமைத்தேன். மீன் குழம்பு. மேகாங்கில் இத்தனை நூற்றாண்டாக வாழ்ந்த எந்த மீனும் இவ்வளவு பெருமையோடு செத்திருக்காது. லியேன் உப்பு இல்லை என்றாள்.

மார்ச் 12, செவ்வாய்

ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

சோம்போன் வந்து முக்காலியில் உட்கார்ந்தான். தேநீர் கேட்கவில்லை.

"லுங், வியட்நாம் கொடி ஒரு சாண் நீளம்."

"அவங்க கொடிதானே, அவங்க இஷ்டம்."

"ரெண்டும் ஒரே உத்தரத்துலேருந்து தொங்குது. கீழே பார்த்தா எங்களது குட்டையா நிக்குது. பெரிய அண்ணன், சின்ன தம்பி மாதிரி." இந்தச் சொற்களைச் சொல்லும்போது வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். "எங்க தலைவர் தண்ணி குடிச்சார். தோழர் காய் மூக்குக்கண்ணாடியைத் துடைச்சார். அப்புறம் எல்லாரும் மழை எப்ப வரும்னு பேசினோம்."

"ஒரு சாணை வெட்டிட்டா போச்சு."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டு அங்குலம் குறுகினேன். நட்பு நாட்டின் தேசியக் கொடியைக் கத்தரிக்கோலால் வெட்டுவதா? அந்த யோசனையைச் சொல்லக்கூட ஆள் கிடைக்காது. ஏன் அந்தத் தையற்காரர் மூன்று மீட்டரோடு நிறுத்தவில்லை என்று கேட்டேன். இரண்டு பக்கத் தையற்காரர்களும் கட்சி உறுப்பினர்கள். கொடிக்கு வாங்கிய துணியில் ஒரு நூல்கூட மிச்சம் போகக் கூடாது என்பது இருவரின் கொள்கை. கொடுத்ததை எல்லாம் தைத்துவிடுவார்கள்.

"ஆனா ரெண்டு பேருக்கும் மூணு மீட்டர்தான் எழுதிக் குடுத்தது. எப்படி ஒரு சாண் கூடுச்சுன்னுதான் புரியலை," என்றான் சோம்போன்.

நான் மழை எப்போது வரும் என்று கேட்டேன்.

மார்ச் 13, புதன்

லாவோஸ் தன் கொடியைப் பெரிதாக்க முடிவு செய்துவிட்டது. சோம்போன் வந்து மூன்று மீட்டரும் ஒரு சாணும் கேட்டான். ஆற அமர அளந்தேன். கிழிக்கும் நேரத்தில் கை தானாக விரிந்து இன்னொரு சாணை விட்டுவிட்டது. அவன் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான், கவனிக்கவில்லை.

லியேன் கவனித்தாள். "கை செஞ்சுதா, நீங்க செஞ்சீங்களா?"

கைதான் என்றேன். ஐம்பது வருடப் பழக்கம். என் தகப்பனார் தாலாட்டும்போதே ஒரு வரி கூடுதலாகப் பாடுவார்.

மார்ச் 16, சனி

எதிர்பார்த்தபடியே, அதாவது எதிர்பாராத விதமாக, இப்போது லாவோஸ் கொடி ஒரு சாண் நீளம்.

தோழர் காய் கடைக்கு வந்தார். கொடி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாடுகளின் உறவு மலைகளைவிட உறுதியானது என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். பிறகு, தற்செயலாக ஞாபகம் வந்ததுபோல, மூன்று மீட்டரும் இரண்டு சாணும் வேண்டும் என்றார். உருளையில் துணி போதாது. அக்கரையிலிருந்து படகு வர வேண்டும் என்றேன். எப்போது வரும்? அது ராஜாவின் விருப்பம் என்றேன். அவர் சிரித்தார். நல்ல மனிதர்.

கையெழுத்து ஒரு வாரம் தள்ளிப் போயிற்று. சந்தையை அளக்க வந்திருந்த ஆட்கள் மூங்கில் குச்சிகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்கள்.

மாலையில் லியேன் பாத்திரம் துலக்கிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்: "ஏப்ரல் நடுவுல புத்தாண்டு. அதைத் தாண்டிப் போச்சுன்னா மழை. மழையில எவனும் அஸ்திவாரம் தோண்ட மாட்டான். அப்புறம் அடுத்த வருஷம்தான்."

அப்படியா என்றேன். எனக்கு இந்தக் கட்டட விவகாரங்கள் தெரியாது.

மார்ச் 20, புதன்

பக்கத்துக் கடைக்காரி பூவா, நூடுல்ஸ் விற்பவள். இன்று காசு வாங்கிக்கொள்ளாமல் ஒரு கிண்ணம் வைத்தாள். உள்ளே கோழி, அடியில் இன்னொரு கோழி.

"எதுக்கு?"

"சும்மா. லுங், நீங்க இன்னும் ரெண்டு சாண் குடுத்தா என் பேத்தி பரீட்சை முடிஞ்சிரும். அதுக்குள்ள இடிச்சா அவளைக் கூட்டிக்கிட்டு எங்கே போவேன்?"

"எனக்கு ஒண்ணும் புரியலை."

"புரிய வேணாம். சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க."

படகு வந்துவிட்டது. தோழர் காய்க்கு அளந்து கொடுத்தேன். இந்த முறை கை விரிந்ததா இல்லையா என்பதை எழுத வேண்டிய அவசியம் இல்லை. அரசாங்க ரகசியங்களுக்கு முப்பது வருட விதி உண்டு.

மார்ச் 22, வெள்ளி

லாவோஸ் நான்கு மீட்டர் வாங்கிச் சென்றது.

மார்ச் 24, ஞாயிறு

கொடிகள் தரையைத் தொட்டுவிட்டன. தேசியக் கொடி தரையைத் தொடக் கூடாது. ஆகவே உத்தரத்தை உயர்த்த வேண்டும், அதற்குக் கூரையை உயர்த்த வேண்டும். இதே போக்கில் போனால் ஆகஸ்டில் இரண்டு கொடிகளையும் நிலவிலிருந்து தொங்கவிடலாம். அங்கேயும் யார் கொடி நீளம் என்று பார்ப்பார்கள்.

இந்த வேடிக்கையை எழுதி முடித்திருந்தேன். சோம்போன் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு அவன் வந்ததே இல்லை. சட்டை கசங்கியிருந்தது. கொஞ்ச நேரம் துணி உருளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லுங், உங்க மீட்டர் கோல் சரியா இருக்கா?"

"வேணும்னா அளந்து பாரு."

அலுவலகத்திலிருந்து நாடா கொண்டுவந்திருந்தான். கோலின் மேல் வைத்து, ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்தி, குனிந்து பார்த்தான். மில்லிமீட்டர் பிசகவில்லை.

"அப்ப கோல்ல தப்பு இல்ல," என்றான். நாடாவைச் சுருட்டினான்.

தேநீர் கொடுத்தேன். குடித்தான்.

"புத்தாண்டுக்குள்ள கையெழுத்து ஆகலைன்னா என்னை மலைப் பக்கம் மாத்திருவாங்க. ஏற்பாடு என் பொறுப்புதானே. ரோடு கிடையாது அங்கே. பள்ளிக்கூடமும் கிடையாது. பொண்ணு இப்பத்தான் எழுத்து கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிருக்கா." கோப்பையைக் கீழே வைத்தான். "உங்க மேல ஒண்ணும் இல்ல, லுங். சும்மா சொன்னேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போனான். தன் வீட்டுப் பக்கம் போகாமல் ஆற்றுப் பக்கமாக நடந்தான்.

மார்ச் 25, திங்கள்

கடை திறக்கவில்லை. வயிறு சரியில்லை என்று லியேனிடம் சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 27, புதன்

இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில் கடைக்கு வரச் சொன்னேன். ஏற்கனவே சொன்னதுபோல இரண்டு பேர்தான் நிற்கலாம். ஆகவே லாவோஸ் இடப் பக்கம், வியட்நாம் வலப் பக்கம், அதிபர் பாதி உடம்பு கடைக்குள், பாதி தெருவில். பூவா தன் அடுப்பை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தாள். உலக சமாதான மாநாடுகள் பலவற்றை நான் நடத்தியதில்லை. இதைப் பார்த்த பிறகு மற்றவை தேவையில்லை.

"துணியில தப்பு," என்றேன். "கொஞ்சம் இழுபடுற சரக்கு. பழைய கொடிகளை மரியாதையோட மடிச்சுப் பெட்டியில வெச்சுக்குங்க. புது உருளையிலேருந்து ரெண்டு பேருக்கும் உங்க கண்ணு முன்னாலேயே வெட்டித் தரேன்."

தோழர் காய் லியேனைப் பார்த்தார். லியேன் உருளையைப் பார்த்தாள். சோம்போன் என்னை மட்டும் பார்த்தான்.

லியேன் ஒரு முனையைப் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கோலைப் புரட்டிப் புரட்டி வைத்தேன். மூன்றாவதன் முனையில் கத்தரிக்கோலை வைத்தேன். இந்த இடத்தில் என் வலது கை என் பேச்சைக் கேட்க மறுத்தது. ஐம்பது வருடமாக இந்த இடத்துக்கு அப்பால்தான் அது வெட்டியிருக்கிறது. பூவா பின்னால் முணுமுணுத்தாள்: "அந்தப் பக்கம் வெட்டு, லுங். அந்தப் பக்கம்."

மூன்றிலேயே வெட்டினேன். இன்னொரு துண்டும் அப்படியே. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டபோது ஓரம் ஓரத்தோடு பொருந்தியது. தோழர் காய் கைகுலுக்கினார். சோம்போன் துணியை வாங்கிக்கொண்டான், நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

பூவா அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். மத்தியானம் கிண்ணம் வரவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

கையெழுத்தாயிற்று.

குண்டூசி தேவைப்படலாம் என்று என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். இரண்டு கொடிகளும் ஒரே அளவில், பிரம்மனே நூல் பிடித்துப் பார்த்ததுபோல் தொங்கின. வந்திருந்த ஒருவர்கூட அவற்றைப் பார்க்கவில்லை. ஒருவருடைய பேனா எழுதவில்லை. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

மூன்றாவது பிரிவை இரண்டு மொழிகளிலும் வாசித்தார்கள். எனக்கு இரண்டும் புரியும். இரண்டிலும் ஒரே விஷயம்தான்.

விருந்தில் எருமைக் கறி. நன்றாக இருந்தது.

ஏப்ரல் 3, புதன்

மூங்கில் குச்சிக்காரர்கள் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து அளக்க ஆரம்பித்தார்கள். பூவாவின் பேத்தி அவர்களுக்கு அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்து உதவினாள். நான் உருளைகளைத் தூசி தட்டினேன். எங்கே கொண்டு போவது என்று லியேன் கேட்கவில்லை. வழக்கமாகக் கேட்பாள்.

ஏப்ரல் 6, சனி

சோம்போன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. மாற்றல் இல்லையாம். வியட்நாம் தரப்பு பாராட்டுக் கடிதமே கொடுத்திருக்கிறது. முக்காலியில் உட்கார்ந்து, தானே கேட்டுத் தேநீர் வாங்கிக் குடித்தான்.

"லுங், புது வளாகத்துல கீழ்த்தளம். படிக்கட்டு பக்கத்துல. பூவாவுக்கும் எதிர்லேயே இருக்கு."

"என் அட்டை இடிக்குதுன்னியே?"

"இடிச்சுது. கடை உங்களுக்கு இல்ல. இவங்களுக்கு." லியேன் பக்கம் தலையை ஆட்டினான். "இவங்க இந்த நாட்டுக் குடிமகள்தானே. ஒத்திகை நடந்துச்சே, அன்னைக்குச் சாயங்காலமே ஆபீசுக்கு வந்து பேர் குடுத்துட்டாங்க."

நான் நடந்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒத்திகைக்குப் பிறகுதான் இரண்டாவது சாண். அதற்குப் பிறகு மூன்றாவது, நான்காவது. நான் தனி ஆளாக நின்று இரண்டு நாடுகளின் ராஜாங்கத்தையே நிறுத்தி வைத்திருந்த அத்தனை நாளும், இவள் கையில் கடை ஏறக்குறைய இருந்திருக்கிறது.

சோம்போன் போனதும் கேட்டேன். "ஏன் சொல்லலை?"

"சொன்னா நிறுத்தியிருப்பீங்களா?" உருளை ஒன்றை எண்ணெய்த் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கும் எவ்வளவு தூரம் போவீங்கன்னு தெரிய வேணாமா? எனக்கும் தெரியணும்."

"நான் ஒண்ணும் வேணும்னு செய்யலை. கைதான்."

"சரி, கைதான்."

சாம்ராஜ்யம் கை மாறிவிட்டது. உலகின் முடியாட்சிகள் பலவும் இதைவிட அதிக இரைச்சலோடு கவிழ்ந்திருக்கின்றன. பதவி இழந்த மன்னர்களுக்கு வழக்கமாக ஏதாவது ஒரு தீவு கொடுப்பார்கள். எனக்கு என்ன கொடுக்கப் போகிறாள் என்று தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றியது.

"புதுக் கடையில எனக்கு என்ன வேலை?"

அவள் சுற்றிய உருளையை என் கைகளில் வைத்தாள். கனமாக இருந்தது, சிவப்பு.

"துணியை எடுத்துப் போடுங்க, வர்றவங்ககிட்டப் பேசுங்க, அளந்து காட்டுங்க," என்றாள். "வெட்டுறது நான்."

வளாகம் எழும் வரை வீட்டில் வைக்க, பதினேழு உருளைகளை வண்டியில் ஏற்றினேன். மீதி நாளைக்கு.